பாறையில் நான் தேய்த்த இடம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று ஏழெட்டு வருஷம் இழுத்துக்கொண்டே வந்துவிட்டேன். நோட்டு வாங்கி, முதல் பக்கத்து உச்சியில் ‘சேசு மரி சூசை’ என்று எழுதி, அதோடு மூடி அலமாரியில் வைத்ததே நாலு தடவை இருக்கும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை வருமே என்ற கூச்சம் ஒன்று. அதைவிடப் பெரிய கூச்சம், எழுதினால் நான் செய்த காரியம் எல்லாருக்கும் தெரிந்துபோகுமே என்பது. ஆனால் இப்போது அதை வேறு மாதிரியாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எங்கள் லிங்கராஜபுரத்தில் அன்பியக் கூட்டம், அதாவது தெருவார் சேர்ந்து ஜெபம் சொல்கிற கூட்டம், நடக்கிற வீடுகளில் அந்தப் பாறையின் போட்டோ போனுக்குப் போன் போகிறது.

“நீங்க உசிரோட இருக்கும்போதே இப்படிச் சொல்றாங்க. அப்புறம் கேக்கவே வேணாம். ஒக்காந்து எழுதுங்க” என்று என் மனைவி நோட்டை எடுத்து என் முன்னால் போட்டாள். எழுதுகிறேன்.

என் தொழில் சென்ட்ரிங். காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, அச்சு கட்டுவோம். காங்கிரீட் இறுகினதும் எங்கள் பலகையைப் பிரித்து எடுத்துக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போய்விடுவோம். பெங்களூரில் எத்தனையோ கட்டடத்துக்கு அப்படிக் கட்டியிருக்கிறேன். ஒன்றையாவது திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றினதில்லை. இப்போது சொல்லப்போகிற மியூசியத்தை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஹென்னூர் தாண்டி ஒரு பெரிய தோட்டம். வசதியான ஒரு குடும்பத்தின் இடம். அவர்கள் சேர்த்து வைத்திருந்த படங்களையும் சிலைகளையும் எல்லா ஜனங்களும் பார்க்கட்டும் என்று அங்கே ஒரு மியூசியம் கட்ட நினைத்தார்கள். முதல் நாள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனபோது, இங்கே கட்டடம் கட்ட இடமே இல்லையே என்றுதான் நினைத்தேன். நடுவில் ஒரு பாறை. நாலைந்து லாரியை ஒட்டி நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு. சுற்றிப் புங்க மரங்கள், ஒரு கிழட்டு அத்தி மரம், பாறைக்குக் கீழே ஒரு குட்டை.

“வெடி வச்சா ரெண்டு நாள்ல சுத்தம்” என்றார் எங்கள் இஞ்சினியர். நானும் தலையாட்டினேன். எங்களுக்குத் தெரிந்த கட்டடம் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். முதலில் தரையை வழித்துச் சமமாக்கிவிட வேண்டும்.

டிசைன் போட வந்த மேடத்துக்கு நாற்பது வயது இருக்கும். கன்னடக்காரர், தமிழர் நிறைய இருக்கிற அல்சூரில் வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். தோளில் ஒரு துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. அவர் பாறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “மேஸ்திரி, இந்த இடத்துல ஏற்கெனவே எல்லாம் இருக்கு. நாம கூரை மட்டும் போட்டா போதும்” என்றார்.

இஞ்சினியர் என் காதருகே குனிந்து, “போச்சு மேஸ்திரி. இது ரெண்டு வருஷத்துப் பேஜார்” என்றார்.

அதற்கு மேலேயே ஆனது.

முதல் மூன்று மாசம் அவர் பேப்பரை விரிக்கவே இல்லை. மரத்துக்கு மரம் நூல் கட்டச் சொன்னார். நாங்கள் நூல் கட்டுவது சுவர் நேராக வர. அவர் கட்டச் சொன்னது அத்தி மரத்தின் தாழ்ந்த கிளை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க. அந்தக் கிளைக்கு மேலே கூரை போகக் கூடாதாம். அப்புறம் மூங்கிலும் பச்சை வலைத் துணியும் வாங்கி வரச் சொல்லி, சுவர் வரப்போகிற இடத்தில் எல்லாம் துணிச் சுவர் கட்டவைத்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதற்குள் உட்கார்ந்திருப்பார். திடீரென்று, “மேஸ்திரி, இந்தச் சுவரை ஒரு அடி அந்தப் பக்கம் தள்ளுங்க” என்பார். துணியைப் பிடுங்கி ஒரு அடி தள்ளி நடுவோம். மறுநாள் அரை அடி திரும்பி வரும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். “இங்க ஒக்காந்தா உங்களுக்கு என்னதான் மேடம் தெரியுது?”

“நீங்களே ஒக்காந்து பாருங்க” என்று எழுந்துகொண்டார்.

உட்கார்ந்தேன். துணிச் சுவர் இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி. அதன் வழியாகக் குட்டைத் தண்ணீர் தெரிந்தது. தண்ணீருக்குள் அத்தி மரம் தலைகீழாக அசைந்துகொண்டிருந்தது. நேற்று வரைக்கும் அதே இடத்தில்தான் மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒருத்தருக்கும் அது கண்ணில் பட்டதில்லை.

“படம் பார்த்துப் பார்த்துக் கண்ணு சலிச்சுப் போகும். அப்போ தலையைத் திருப்பினா தண்ணி தெரியணும்” என்றார் மேடம்.

மே மாசத்தில், எங்களுக்கு அது மாதாவுக்கு உரிய மாசம், முதல் பெரிய மழை வந்தது. நாங்கள் எல்லாரும் ஷெட்டுக்குள் ஓடிவிட்டோம். மேடம் ஒரு கையில் குடையும் ஒரு கையில் அடுப்புக்கரியுமாகப் பாறைமேல் ஏறிவிட்டார். தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது, எங்கே பிரிகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் கரியால் கோடு போட்டார். மழை அழிக்க அழிக்கத் திரும்பவும் போட்டார். வாட்ச்மேன் கேட்டிலிருந்து, “மேடம், ஜாருத்தே, வழுக்கும், இறங்குங்க!” என்று கத்திக்கொண்டே இருந்தான். அவர் இறங்கி வந்தபோது குடை எங்கேயோ போயிருந்தது.

“பாறைக்கு வர்ற மழை பாறைக்கே வரணும் மேஸ்திரி. நம்ம கூரை அதைத் தடுத்துடக் கூடாது.”

அந்தக் கரிக்கோடுதான் கூரையின் விளிம்பு. பாறைக்கும் கூரைக்கும் நடுவில் வானம் தெரிகிற மாதிரி ஒரு திறப்பு, அதற்கு உள்பக்கம் கண்ணாடி. மழை பெய்தால் பாறை நனையும், பார்க்கிறவர்கள் நனைய மாட்டார்கள். ஒரு கட்டடத்தை மழையிடம் கேட்டுப் போட முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஷெட்டுக்குள் நின்றுகொண்டே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். கூட இருந்தவர்கள் இடிக்குப் பயந்து போடுகிறேன் என்று சிரித்தார்கள்.

ஒரு சுவர் அந்தப் பாறைமேலேயே வந்து இறங்க வேண்டியிருந்தது. பாறையைச் செதுக்கிச் சமப்படுத்திவிட்டுப் பலகை வைப்பதுதான் எங்கள் வழக்கம். மேடம் உளியையே எடுக்க விடவில்லை. “பாறையைத் தொடாதீங்க. பலகையை அறுங்க.” ஒவ்வொரு பலகையையும் பாறைமேல் செங்குத்தாக நிறுத்தி, பாறையின் மேடு பள்ளத்தை அப்படியே பென்சிலால் பலகையில் இழுத்து, அந்தக் கோட்டிலேயே அறுத்தேன். ஒரு பலகைக்கு அரை நாள் பிடித்தது. காங்கிரீட் இறுகிப் பலகையைப் பிரித்த அன்றைக்கு எல்லாரும் கிட்டே போய்ப் பார்த்தோம். சுவருக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு தாளை நுழைக்க முடியவில்லை. இஞ்சினியர்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இவ்வளவும் என் கையாலேயே செய்தவன்தான் அதையும் செய்தேன். அதனால்தான் முதலில் இதையெல்லாம் சொன்னேன்.

மேற்குப் பக்கம் ஒரு பெரிய ஹால். அதன் ஒரு பக்கத்துக்குச் சுவரே கிடையாது. கண்ணாடிக்கு அப்பால் பாறைதான் சுவர். எதிரே ஒரு நீளமான கல் பெஞ்சு. அந்த ஹாலில் படம் ஒன்றும் மாட்டப் போவதில்லை என்று காதில் விழுந்தது. அந்தப் பக்கத்துப் பாறை முழுக்கச் சாம்பலும் பச்சையும் மஞ்சளுமாகப் பொருக்குப் பொருக்காக எதுவோ படிந்திருந்தது. நடுநடுவே தண்ணீர் இறங்கின கறுப்புக் கோடுகள். நான் அதை அழுக்கு என்று நினைத்தேன். பாறைக்கு முன்னால் பெஞ்சு போட்டால் எங்களுக்கு அது கெபி. கோவில் வளாகத்தில் கல்லை அடுக்கிக் குகை மாதிரி கட்டி, மாதா சுரூபத்தை வைத்திருப்போமே, அதுதான் கெபி. கடைசியில் இந்தப் பாறையைக் கழுவி, இங்கேயும் ஏதோ ஒரு பெரிய சிலையை வைக்கப் போகிறார்கள் என்று எனக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

செப்டம்பரில் மாதா திருவிழாவுக்குக் கொடி ஏற்றுவதற்கு முன்னால் எங்கள் கோவில் கெபியைக் கழுவுவது எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து என் பொறுப்பு. ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து எடுத்து, வெள்ளை அடிப்போம். பாசி பிடித்த கெபியில் மாதாவை நிறுத்தினால் வீட்டுக்கு வந்தவரை அழுக்குப் பாயில் உட்காரவைத்த மாதிரி எனக்கு இருக்கும். அந்த வருஷமும் கழுவி முடித்திருந்தேன். மிச்ச ஆசிட்டும் பிரஷ்ஷும் வீட்டில் இருந்தன.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை இஞ்சினியர் சொன்னார். “நாளைக்கு ஓனர் குடும்பம் மொத்தமும் வர்றாங்க மேஸ்திரி. கூரைக்குப் பலகை அடிச்சப்புறம் முதல் தடவையா பாக்கப் போறாங்க. சைட் பளிச்சுனு இருக்கணும்.” ஆணியும் பலகைத் துண்டும் கிடக்கக் கூடாது என்றுதான் அவர் சொன்னார்.

சனிக்கிழமை மாதாவுக்கு உரிய நாள். காலை ஆறரைக்கெல்லாம் பக்கெட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டேன். கேட்டருகே வாட்ச்மேன் பெருக்கிக்கொண்டிருந்தான். தலையாட்டினேன், அவனும் ஆட்டினான். இடது கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு, வலது கையால் தேய்க்க ஆரம்பித்தேன். மாலையில் முதல் பத்து மணி உருட்டி முடியும்போது நுரை பொங்கி வடிந்தது. இரண்டாம் பத்தில் கல்லின் உள்நிறம் தெரிந்தது. அரிசி மாதிரி வெளுப்பு. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கீழிருந்து ஆரம்பித்து, கையை வீசி வீசித் தேய்த்து, தலைக்கு மேல் கை எட்டுகிற வரைக்கும் போனேன். இரட்டைக் கதவு அகலத்துக்கு, மேலே வளைந்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. ஐம்பத்துமூன்று மணியும் முடிந்தபோது தோள் கழன்றுபோயிருந்தது. தள்ளி நின்று பார்த்தேன். மாதாவே வந்து நிற்கலாம் போல இருந்தது. திருப்தியாகப் போய் இட்லி சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது மேடம் பாறைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். துணிப்பை கீழே கிடந்தது. உள்ளங்கையை அந்த வெள்ளை இடத்தில் வைத்திருந்தார், ஜுரம் பார்க்கிற மாதிரி.

“யார் இதைப் பண்ணது?”

நான்தான் என்று பெருமையாகச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவர் திரும்பினார். முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

“இது எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? உங்க தாத்தாவுக்குத் தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடி. ஒரு விரல் அகலம் வளர ஒரு ஆயுசு ஆகும். உயிர் இருக்கு இதுக்கு. இந்த ஹாலுக்கு நான் வச்சிருந்த ஒரே படம் இதுதான்.” அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இஞ்சினியர் அவசரமாக, “வாட்ச்மேன் வேலை மேடம். காலையில அவன் ஒருத்தன்தான் இங்க இருக்கான். சுத்தமா இருக்கணும்னு சொன்னேன், இப்படிப் பண்ணி வச்சிருக்கான்” என்றார்.

வாட்ச்மேன் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் வயசுதான். கேட்டை ஒட்டின ஒற்றை அறையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறவன், இந்த இடம் தோட்டமாக இருந்த காலத்திலிருந்து. என்னை ஒரே ஒரு தடவை பார்த்தான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓனர் வீட்டார் வந்தார்கள். ஒருத்தர், தெரிந்த ஓவியரை விட்டு அதே கலரில் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார். இஞ்சினியர், மோர் ஊற்றினால் பாசி பிடிக்கும் என்றார். மேடம் இரண்டுக்கும் தலையை அசைத்து வேண்டாம் என்றார். போகும்போது அவர்களுடைய மேனேஜர், வாட்ச்மேன் மாசக் கடைசிக்குள் அறையைக் காலி பண்ணட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டில் என் மனைவி மறுநாள் பிரியாணிக்கு மசாலா எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை, பாறை வரைக்கும் சொன்னேன்.

“அப்படி என்னதான் ஒட்டியிருந்துச்சு அதுல?”

“சாம்பக் கலர்ல, இலை இலையா, ஓரமெல்லாம் சுருண்டு…”

அவள் ஒரு டப்பாவைத் திறந்து என் உள்ளங்கையில் தட்டினாள். கல்பாசி. பிரியாணிக்குப் போடுகிற அதே கல்பாசி. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சோற்றில் எடுத்து ஓரமாக வைத்திருக்கிறேன். அது எங்கே முளைக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதன் ஜாதிதான் பாறையில் இருந்ததும்.

“இதையா தேய்ச்சுட்டு வந்தீங்க? கடைக்காரன் ரெண்டு இதழ் கூடப் போட மாட்டேங்கறான். நீங்க ஒரு சுவரையே கழுவி விட்டுட்டு வந்திருக்கீங்க!” அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். “வேற என்னமோ இருக்கு. சொல்லுங்க.”

வாட்ச்மேன் விஷயத்தைச் சொன்னேன். அவள் டப்பாவை மூடினாள்.

மறுநாள் பூசைக்கு முன்னால், செய்த பாவத்தைக் கோவில் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நான் சொன்னதை நானே சொல்வதில் தப்பில்லை என்பதால் எழுதுகிறேன். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கல்லைத் தேய்ச்சது பாவமில்லப்பா. வாயைப் பொத்திக்கிட்டு நின்னியே, அதுதான்” என்றார்.

“என்ன பரிகாரம் சாமி?”

“எங்கிட்ட சொன்னதை அங்க போய்ச் சொல்லு. அப்புறமா வேணும்னா ஜெபம் சொல்லு.”

திங்கட்கிழமை மேடம் பாறைக்கு எதிரே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் போய் நின்றேன். “மேடம், நான்தான். வாட்ச்மேன் இல்லை.”

“ஏன் மேஸ்திரி?”

கெபியைப் பற்றிச் சொன்னேன். கொடியேற்றத்தைப் பற்றி, கம்பி பிரஷ்ஷைப் பற்றி, ஜெபமாலையைப் பற்றி.

“அப்ப, பெரியவங்க யாரோ வந்து நிக்கிற இடம்னு நினைச்சு செஞ்சீங்க.”

“ஆமா மேடம்.”

“நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். இது என்னன்னு உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும்.” பாறைப் பக்கம் திரும்பினார். “ஆனா எனக்குக் கோபம் போகலை. சீக்கிரம் போகாது.”

“போக வேணாம் மேடம்” என்றேன்.

அவர் அங்கேயே மேனேஜருக்குப் போன் போட்டு வாட்ச்மேன் எங்கேயும் போக வேண்டியதில்லை என்று சொன்னார். நான் கேட்டுக்குப் போனேன். அவன் தன் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, மன்னிச்சிடு.”

“நான் பார்த்தேன் மேஸ்திரி” என்றான் கன்னடமும் தமிழுமாக. “நீங்க தேய்க்கும்போதே ரெண்டு மூணு தடவ வந்து பார்த்தேன்.”

“அப்பவே நிறுத்தியிருக்கலாமே!”

“கையில ஜபமணி இத்தல்ல, இருந்துச்சே? தேவரு கெலசம், சாமி காரியம்னு நெனச்சேன். நடுவுல வந்து எப்படிக் கூப்பிடுறது?”

“சரி, மேடம் கேட்டப்பவாவது?”

“சொல்ல வேண்டியது நீங்க. நான் எதுக்குச் சொல்லணும்? ரெண்டு நாள் பார்ப்போம்னு இருந்தேன்.”

“நான் சொல்லாமலே இருந்திருந்தா?”

“மூணாவது நாள் நானே சொல்லியிருப்பேன். எனக்கு என்ன பைத்தியமா?” என்று மிச்சத் தண்ணீரை என் காலில் ஊற்றிவிட்டுச் சிரித்தான்.

நான் வேலை செய்த எத்தனையோ சைட்டில், என்னை நம்பி இப்படி இரண்டு நாள் யாரும் காத்திருந்ததில்லை.

அந்த வாரமே மழை வந்தது. மேடம் என்னைக் கையைப் பிடிக்காத குறையாகப் பாறைக்கு இழுத்துப் போனார். கூரைக்குப் பலகை அடித்திருந்தோமே தவிர இன்னும் காங்கிரீட் ஊற்றவில்லை. பார்த்தால், நான் தேய்த்த இடத்துக்கு நேர் மேலே கூரைப் பலகையின் விளிம்பு மறைத்துக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் நனைந்தது. அந்த வெள்ளை மட்டும் காய்ந்துபோய் நின்றது. அந்த இடத்தில் பாறை முன்னுக்கு வந்திருந்ததால் கரிக்கோடு அங்கே கொஞ்சம் தப்பிப்போயிருந்தது.

“மேலே இன்னும் கல்பாசி இருக்கு. அது மேல விழுற மழை இது மேல இறங்கி வந்தா, அதோட துகளும் கூட வரும். எங்கேயாவது ஒட்டிக்கும். நம்ம காலத்துல பாக்க முடியாம போகலாம்.” மழைச் சத்தத்துக்கு மேலே அவர் கத்திப் பேசினார். “அன்னிக்கு எப்படித் தேய்ச்சீங்க? கையை அப்படியே வீசிக் காட்டுங்க.”

பாறையோடு ஒட்டி நின்று வெறும் கையை வீசினேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், தலைக்கு மேல் வளைத்து. அவர் மேலே ஏறி, கூரைப் பலகையில் அதே வளைவைக் கரியால் போட்டார். “இந்த இடத்துல கூரை இவ்வளவு பின்னால போகட்டும்.”

என் கை போன வழிதான் கூரையின் கோடு. நேர்க் கோட்டுக்கு அச்சு கட்டுகிறவனுக்கு வளைவு சாமானிய வேலை கிடையாது. மெல்லிய பிளைவுட்டை நனைத்து நனைத்து வளைத்து ஆணி அடித்தேன். இரண்டு தடவை உடைந்தது. ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னேன். வாட்ச்மேன் கீழிருந்து, “மேஸ்திரி, தேவரு கெலசமா, மேடம் கெலசமா? இப்பவே சொல்லிடுங்க!” என்று கேலி பண்ணுவான்.

மியூசியம் திறந்தார்கள். முதல் தடவை என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனபோது மழைக்காலம். வாசலில் நிற்கும்போது கட்டடமே தெரியவில்லை. அத்தி மரம்தான் தெரிந்தது. அதன் கிளைக்குக் கீழே குனிந்து போகிற மாதிரி போனால் உள்ளே இருக்கிறோம். படங்களைப் பார்த்துக்கொண்டே போனோம். எனக்குப் படம் புரியாது. தலையைத் திருப்பினேன், குட்டைத் தண்ணீர் தெரிந்தது. மேற்கு ஹாலில் பெஞ்சில் உட்கார்ந்தோம். மழை நின்று வெயில் வந்தது. கூரையின் வளைவு வழியாக வெளிச்சம் இறங்கி, அந்த வெள்ளை இடத்தில் விழுந்து, ஈரத்தில் மின்னி, மெதுவாக நகர்ந்து தரைக்கு வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு கூட்டம் கூச்சலோடு உள்ளே வந்ததுகள். ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்திக்கொண்டதுகள். பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது வருகிற அமைதி. என் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

போன வருஷம் மனைவியோடு போனபோது வாட்ச்மேன் யூனிபார்மில், அந்த ஹாலுக்கே காவலாக நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணாடிக்குப் பக்கத்தில் கூட்டிப் போய், “அல்லி நோடி, அங்க பாருங்க” என்று மேல் ஓரத்தைக் காட்டினான். வெள்ளையின் விளிம்பில், கட்டைவிரல் நகத்தளவுகூட இல்லை, சாம்பலும் பச்சையுமாக ஒரு பொட்டு. பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இன்னும் இரண்டு. அங்கேயே முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

“இன்னும் நூறு வருஷத்துல ஒரு பிரியாணிக்கு ஆகும்” என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் சொல்வது எப்படியெல்லாம் மாறிவிட்டது என்று பாருங்கள். மியூசியத்தில் சுற்றிக் காட்டுகிற பெண், இந்த வெள்ளையை மேடமே யோசித்துத்தான் இப்படி விட்டுவைத்திருக்கிறார், இன்னும் வரையாத படம் மாதிரி என்று சொல்கிறாள். எங்கள் அன்பியத்திலோ, பாறையில் மாதா கெபி தானாகத் தோன்றியிருக்கிறது, மேலே வளைவுகூட அப்படியே இருக்கிறது என்று போட்டோவை அனுப்புகிறார்கள். ஒரு கூட்டத்தில் எழுந்து, “அது நான் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சது” என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, “உங்க கையை வச்சு மாதா வரைஞ்சிருக்காங்க!” என்றார். அன்று முதல் அதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

மாதா செய்ததைப் பற்றி வழக்காட நான் யார்? ஆனால் இரண்டு கதையிலும் வாட்ச்மேன் இல்லை. அதுதான் எனக்கு நெஞ்சில் குத்துகிறது. மேடத்துக்குப் போன் பண்ணி, எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க. என் பேரு வேணாம், உங்க பேரும் வேணாம்” என்றார். “கோபம் போயிடுச்சா மேடம்?” என்றேன். “அந்தப் பொட்டு கொஞ்சம் பெரிசாகட்டும், சொல்றேன்” என்றார்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், இருக்கிறபடியே சொல்லுங்கள். அந்த வளைவு என் கை எட்டின உயரம், அவ்வளவுதான். அதில் உருவம் எதையும் சேர்க்காதீர்கள். கம்பி பிரஷ்ஷை விட்டுவிடாதீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த இரண்டு நாளையும், எனக்காக அவன் காத்திருந்த அதே இரண்டு நாளையும் தயவுசெய்து குறைத்துவிடாதீர்கள்.